மீட்டெடுத்த நினைவுகளும் வழக்குகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமை பல ஆண்டுகள் மறந்துபோய், உளவியல் சிகிச்சையின்போது நினைவுக்கு வந்ததாகச் சொல்லித் தொடுக்கப்படும் வழக்குகளில், விவரம் தெரியும் முன்பே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவதுதான் முதல் தவறு. 1994இல் லிண்டா வில்லியம்ஸ் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அத்தகைய கொடுமைக்கு ஆளானதாகப் பழைய பதிவு இருந்த 129 பெண்களில் 38 விழுக்காட்டினர், ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்குப் பின் விசாரித்தபோது அந்த நிகழ்வைச் சொல்லவில்லை. மறுபுறம், எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய சக ஆய்வாளரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாகப் புனைந்து சொல்லப்பட்ட கதையை 24 பேரில் கால்வாசிப் பேர் முழுதாகவோ பகுதியாகவோ தம் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள். மறதியும் உண்டு, புனைவும் உண்டு என்கிறபோது, இந்த ஒரு நினைவு எப்படி வந்தது, அதற்கு வெளியே என்ன சான்று இருக்கிறது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டியிருக்கிறது.

விவரம் துல்லியமாக இருப்பதையும் சொல்பவர் கலங்குவதையும் சான்றாக எடுத்துக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு. 1969இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சிறுமியின் கொலைக்காக, தம் மகளுக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்ட நினைவை முதன்மையாகக் கொண்டு, ஜார்ஜ் ஃபிராங்க்ளின் 1990இல் தண்டிக்கப்பட்டார். மகள் சொன்ன விவரங்கள் அக்காலச் செய்தித்தாள்களிலேயே வந்திருந்தன என்று காட்ட எதிர்த்தரப்பு முயன்றபோது விசாரணை நீதிமன்றம் அதை அனுமதிக்கவில்லை. 1995இல் கூட்டாட்சி நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு விவரம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைவிட, அது வேறு எந்த வழியில் சாட்சியை எட்டியிருக்கக்கூடும் என்று கேட்பதே பயன் தரும்.

சிகிச்சையாளர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் நல்லெண்ணத்திலிருந்து பிறக்கிறது. அதனாலேயே அதைக் கண்டுபிடிப்பது கடினம். நோயின் அறிகுறியை மட்டும் வைத்துக் கொடுமை நடந்திருக்கும் என்று ஊகிப்பது, அதைக் கேள்வியாகத் திரும்பத் திரும்ப வைப்பது, ஹிப்னாசிஸையோ 'உண்மை மருந்து' என்று தவறாகப் பெயர்பெற்ற சோடியம் அமிட்டாலையோ நாடுவது ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. உணவுக் கோளாறுக்காகச் சிகிச்சைக்குச் சென்ற மகளுக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்ட ரமோனா வழக்கில், 1994இல் கலிஃபோர்னியாவின் நாப்பா நகர ஜூரி, மகளால் குற்றம் சாட்டப்பட்டு அவளுடைய சிகிச்சையாளர்கள்மீது வழக்குத் தொடுத்த தந்தைக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. இதைப் படித்துவிட்டு, குற்றம் சாட்டப்பட்ட பெற்றோர் எவரும் சிகிச்சையாளர்மீது வழக்குத் தொடுக்கலாம் என்று எண்ணுவதும் தவறுதான்: சிகிச்சையாளருக்கு நோயாளியின் பெற்றோர்மீது அத்தகைய கடமை இல்லை என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது.

பாதிக்கப்பட்டவர் தரப்பில் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு, மங்கலான நினைவைத் தெளிவாக்க ஹிப்னாசிஸுக்குச் செல்வது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அதற்குப் பின் வந்த நினைவு சாட்சியமாக ஏற்கப்படாமல் போகலாம். அதற்கு முன்பே தாமாக நினைவுக்கு வந்ததைத் தேதியிட்டு எழுதிவைப்பதும், பழைய மருத்துவ, பள்ளிப் பதிவுகளைத் தேடுவதும் வழக்கை வலுப்படுத்தும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வெளியே தானாக மீண்ட நினைவுகளுக்கு, ஒருபோதும் மறக்காத நினைவுகளுக்குக் கிடைத்த அளவுக்கு நெருக்கமாகவே துணைச் சான்று கிடைத்தது. சிகிச்சைக்குள் மீண்டவற்றுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்பைப் பற்றிய குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. கொடுமையால் விளைந்த பாதிப்பை உணர்ந்த நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடும் விதி பெரும்பாலும் இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்குக்கு உரியது. காலாவதியான குற்ற வழக்கைப் புதுச் சட்டத்தால் உயிர்ப்பிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல் கூறிவிட்டது. கால வரம்பால் தள்ளுபடியான வழக்கைச் சுட்டி, 'ஒன்றும் நடக்கவில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று வாதிடுவோர் உண்டு. அந்த வழக்கில் நினைவின் உண்மையை எவரும் ஆராய்ந்திருக்கவே மாட்டார்கள்.