பூச்சிமருந்தும் கிணற்று நீரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலில் அடித்த மருந்து மண்ணில் இறங்கி ஊற்றைத் தொட மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில்கூட ஆகலாம். கிணற்றடியில் சிந்தியதோ உறை ஓரத்து இடுக்கு வழியாக நேரே உள்ளே போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒரு மருந்துக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம்தான். அந்தக் கணக்கில், மருந்தில் உள்ள வீரியப் பொருள் (பூச்சியைக் கொல்லும் பகுதி) 1 கிராம் போதும், 1 கோடி லிட்டர் தண்ணீர் வரம்பைத் தொட்டுவிடும். தண்ணீர் கிட்ட இருக்கிறது என்று கிணற்றடியிலேயே மருந்து கலக்காதீர்கள். குறைந்தது 100 அடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான இடத்தில் கலக்குங்கள்.

பலரும் கவனிக்காத தவறு ஹோஸில் இருக்கிறது. அதன் நுனி மருந்துக் கலவைக்குள் முங்கியிருக்கும்போது கரண்ட் போனால், குழாயில் நிற்கும் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வேண்டிய ஃபுட் வால்வு (குழாயின் அடிமுனையில் உள்ள ஒருவழி அடைப்பு) கசிந்தால் கலவையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். அதனால் ஹோஸ் நுனி எப்போதும் கலவைக்கு மேலேயே நிற்கட்டும். 1 அங்குலக் குழாய்க்கு 2 அங்குல இடைவெளியாவது வேண்டும்.

காலி டப்பாவைக் கிணற்றில் முக்கிக் கழுவவே கூடாது. கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, 30 விநாடி குலுக்கி, அதைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுங்கள். மூன்று முறை இப்படிச் செய்த பிறகு டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் தண்ணீர் பிடிக்க எடுக்கக் கூடாது.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவது ஆபத்து. தண்ணீர் ஆவியாகும், பல மருந்துகள் அப்படியே தங்கிச் செறிவு கூடும். பிளீச்சிங் பவுடர் கிருமிக்குத்தான். குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் குளோரினோடு சேர்ந்தால் இன்னும் கொடிய நஞ்சாகவே மாறும். கார்பன் ஃபில்டர் பல மருந்துகளைப் பிடிக்கும், ஆனால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைச் சரியாகப் பிடிக்காது. ஃபில்டர் நிறைந்துபோனால் சுவையோ நிறமோ மாறாமல் மருந்தைக் கடத்திவிடும். டிடிஎஸ் மீட்டர் காட்டுவது உப்பை. மைக்ரோகிராம் அளவில் இருக்கும் மருந்து அதற்குத் தெரியவே தெரியாது.

லேபில் வழக்கமான குடிநீர்ச் சோதனை கேட்டால் உப்பு, கடினத்தன்மை, கிருமி என்று முடித்துவிடுவார்கள். சுற்றுவட்டத்தில் அடிக்கும் மருந்துகளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மாதிரியை லேப் தரும் பாட்டிலிலேயே எடுங்கள்: பலவற்றுக்குப் பழுப்புக் கண்ணாடி வேண்டும், கிளைபோசேட்டோ கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுவது நல்லது. கோடையில் எடுத்த ஒரு மாதிரியை மட்டும் வைத்துக் கிணறு சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். மருந்து அடித்த பின் வரும் முதல் பெருமழைக்குப் பிறகு இன்னொரு முறை எடுங்கள்.