பெல் 47 ஹெலிகாப்டரைத் தேடிக் கண்டுபிடித்துப் படமெடுக்கும் முறை

கண்ணாடிக் குமிழ் போன்ற முன்பக்கமும், மூடப்படாத குழாய்ச் சட்டமாக நீளும் வாலும் கொண்ட பெல் 47 முதன்முதலில் பறந்தது 1945 டிசம்பர் 8 அன்று. 1946 மார்ச் 8 அன்று அமெரிக்க அரசு அதற்குச் சான்று வழங்கியபோது, பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்று பெற்ற அந்நாட்டின் முதல் ஹெலிகாப்டராக அது ஆனது. அமெரிக்காவில் பெல் நிறுவனமும், அதன் உரிமம் பெற்று இத்தாலியில் அகுஸ்டாவும், ஜப்பானில் கவாசாகியும், பிரிட்டனில் வெஸ்ட்லண்டும் சேர்ந்து 1970கள் வரை 5,600க்கும் அதிகமான பெல் 47களைக் கட்டின. அவற்றில் ஒரு பகுதி இன்றும் பறக்கிறது. 2010இல் இதன் வகைச் சான்றை (வடிவமைப்புக்கு அரசு தரும் சான்று) அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்காட்ஸ்-பெல் 47 நிறுவனம் பெற்றுக்கொண்டதும், அதன் பிறகும் உதிரிப் பாகங்கள் கிடைத்து வருவதும் இதற்கு முக்கியக் காரணம்.

இந்த ஹெலிகாப்டரைப் பின்தொடர்பவருக்கு இரண்டு வேலைகள் உண்டு. எதிரில் நிற்பது எந்த நாட்டில், எந்த வரிசையில் கட்டப்பட்ட எந்த உடல் என்று அறிவது முதல் வேலை. அது உயிரோடு சுழன்றுகொண்டிருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி படமெடுப்பது இரண்டாவது. பலர் இரண்டாவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எண் தெரியாத படங்கள் பத்து ஆண்டுகள் கழித்து எனக்கே பயன்படாமல் போயின. ஆகவே இங்கே எண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

வகையை அறிதல்

மிகுதியாகக் காணக் கிடைப்பது 47ஜி வகை. 1953இல் வந்த இதை, எஞ்சினுக்கு மேலே இருபுறமும் குதிரைச் சேணத்தின் பைகளைப் போல அமர்ந்திருக்கும் இரண்டு எரிபொருள் தொட்டிகளைக் கொண்டு அடையாளம் காணலாம். 47ஜே வகையில் உடலும் வாலும் தகட்டால் மூடப்பட்டிருக்கும். விமானி முன்னே தனியாகவும், பயணிகள் மூவர் பின்னே ஒரே இருக்கையிலும் அமர்வார்கள். 1957 ஜூலையில் ஐசனோவர் ஹெலிகாப்டரில் பறந்த முதல் அமெரிக்க அதிபரானார். அன்று அவரைச் சுமந்தது இந்த 47ஜேயின் ராணுவ வடிவம்தான். அதற்காக வாங்கப்பட்ட இரண்டில் ஒன்று வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உட்வார்-ஹேஸி மையத்திலும், மற்றொன்று டேட்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. கவாசாகியின் கேஎச்-4 நான்கு பேர் அமரும்படி அறை நீட்டப்பட்ட 47ஜி. வெஸ்ட்லண்ட் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கட்டியது ‘சூ’ என்ற பெயரில் பறந்தது.

எஞ்சினைக் கொண்டும் வகை பிரிக்கலாம். தொடக்க கால உடல்களில் ஃபிராங்க்லின் எஞ்சினும், பின்னர் வந்தவற்றில் லைகமிங் எஞ்சினும் இருக்கும். சோலோய் நிறுவனத்தின் மாற்றத்தில் பிஸ்டன் எஞ்சின் எடுக்கப்பட்டு, அலிசன் டர்பைன் எஞ்சின் வைக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே காது அதைச் சொல்லிவிடும்: பிஸ்டனின் கரகரப்பு இல்லாமல் மெல்லிய சீழ்க்கையொலி கேட்கும். மருந்து தெளிப்பதற்காக ஓர் இருக்கையுடன் முற்றிலும் மாற்றிக் கட்டப்பட்ட ‘எல் டாம்கேட்’ போன்றவையும் உண்டு. அவற்றின் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவர் இது பெல் 47 என்று நம்ப மாட்டார். வாலையும், மேலே சுழலும் விசிறியான ரோட்டரையும் பார்த்தால் ஐயம் தீரும்.

ரோட்டரின் நடுவே, இரண்டு பிளேடுகளுக்கும் செங்கோணத்தில், முனைகளில் எடைக் குண்டுகளோடு சுழலும் குறுகிய கம்பியை எல்லா வகைகளிலும் தேடிப் பாருங்கள். ஆர்தர் யங் 1920களின் இறுதியில் தொடங்கிச் சிறு மாதிரிகளைப் பறக்கவிட்டுப் பறக்கவிட்டு அடைந்த தீர்வு அது. காற்றில் உடல் சாய்ந்தாலும் ரோட்டர் தன் தளத்தை எளிதில் இழக்காமல் காப்பது அந்தக் கம்பிதான். நல்ல படத்தில் அது தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

எண்ணைத் தேடுதல்

வாலிலோ தொட்டியிலோ எழுதியிருக்கும் பதிவெண் உரிமையாளரோடும் நாட்டோடும் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் ‘என்’, பிரிட்டனில் ‘ஜி’, இத்தாலியில் ‘ஐ’, ஜெர்மனியில் ‘டி’, ஆஸ்திரேலியாவில் ‘விஎச்’ என்று அது தொடங்கும். மாறாதது, தொழிற்சாலை இட்ட கட்டுமான எண். ஒரே உடல் ராணுவத்தில் ஓர் எண்ணோடும், பின்னர் ஒரு பண்ணையில் இன்னோர் எண்ணோடும், இன்று வேறு நாட்டில் மூன்றாவது எண்ணோடும் பறந்திருக்கலாம். அந்த மூன்று வாழ்க்கைகளையும் கோப்பது கட்டுமான எண் ஒன்றே. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமும் பிரிட்டனின் குடிமை விமானப் போக்குவரத்து ஆணையமும் தங்கள் பதிவேடுகளைக் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கின்றன. பதிவெண்ணைக் கொடுத்தால் வகையும் கட்டுமான எண்ணும் கிடைக்கும். வகைப் பெயரைக் கொண்டு தேடி, இன்னும் பதிவில் இருப்பவற்றின் பட்டியலைத் தயாரிக்கவும் முடியும்.

பட்டியலில் இருப்பதெல்லாம் பறப்பதில்லை. பறக்கும் தகுதிச் சான்று காலாவதியாகி, கொட்டகையில் பிளேடுகள் கழற்றப்பட்டு நிற்பவையும் பதிவில் தொடரும். பிரிட்டிஷ் பதிவேட்டில் சான்றின் நிலையும் காட்டப்படுவதால், அதையும் பார்த்த பிறகே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

நேரலையில் விமானங்களைக் காட்டும் இணையதளங்கள் இதற்கு அரைகுறையாகவே உதவும். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த வான்பகுதிகளில், விமானம் இருக்கும் இடத்தை அலையில் அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம் என்றாலும், வயல்களின் மேல் தாழப் பறக்கும் ஒரு பழைய பெல் அப்பகுதிக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. கருவி இருந்தாலும், தாழப் பறக்கும்போது மரங்களும் மேடுகளும் அலையை மறைப்பதால் தரையிலுள்ள ஏற்பிகள் அதைப் பிடிப்பதில்லை. கிடைக்கும் துண்டு துண்டான தடங்களை வாரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால், எந்தத் திடலிலிருந்து எந்த நாள்களில் எழும்புகிறது என்ற பழக்கம் புலப்படும். அதுதான் உண்மையில் பயன்படுவது. தேடும்போது ‘பி47ஜி’ என்ற முழு வகைக் குறியீட்டையே இடுங்கள். வெறும் ‘பி-47’ என்று தேடினால், போயிங் கட்டிய ஆறு எஞ்சின் குண்டுவீச்சு விமானம்தான் வந்து நிற்கும்.

விமானிகள் பேசும் வானொலி அலைவரிசையைக் கேட்டுக் காத்திருப்பது அமெரிக்காவில் இயல்பான பழக்கம். பிரிட்டனில் பொதுமக்கள் அதைக் கேட்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

உறுதியாகக் காண விரும்புபவர் நிகழ்ச்சிகளுக்குச் செல்லலாம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதியில் விஸ்கான்சினின் ஓஷ்கோஷில் நடக்கும் ஏர்வென்ச்சர் விமான விழாவின்போது, அங்குள்ள பயனியர் விமானத் திடலிலிருந்து பெல் 47கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு எழும்பி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே பாதை, ஒரே உயரம், மீண்டும் மீண்டும் என்பதால் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரிலுள்ள மிடில் வாலப், ராணுவ வான்படையின் பழைய தாயகம். எக்ஸ்டி131 என்ற எண் தாங்கிய சூ அங்கிருந்து பறந்து வந்தது. பறக்காதவற்றை நெருங்கி நின்று ஆராய, வெஸ்டன்-சூப்பர்-மேரிலுள்ள ஹெலிகாப்டர் அருங்காட்சியகமும் ஜெர்மனியின் பியூக்கேபுர்க்கிலுள்ள அருங்காட்சியகமும் ஏற்றவை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1984இல் ஒரு 47டி-1ஐக் கலைப்பொருளாகவே தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. குமிழின் வளைவைக் கண்டால் அதற்கான காரணத்தைக் கேட்கத் தோன்றாது.

ஷட்டர் வேகம் என்ற மையச் சிக்கல்

ஜெட் விமானங்களைப் படமெடுத்துப் பழகியவர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஷட்டரை வைப்பார். பெல் 47ஐ அப்படி எடுத்தால் இரண்டு பிளேடுகளும் அசையாத மரப்பலகைகளாக உறைந்து, ஹெலிகாப்டர் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மையைப் போலத் தெரியும். என் முதல் நாற்பது படங்களும் அப்படித்தான் வந்தன.

கணக்கு எளியது. எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,200 சுற்றுகள் சுழல்கிறது. பற்சக்கரங்கள் அதை ஒன்பதில் ஒன்றாகக் குறைக்கின்றன. ஆகவே ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 355 சுற்று, நொடிக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு. 1/1000 நொடியில் பிளேடு 2 பாகை மட்டுமே நகரும். 1/125இல் 17 பாகை, 1/60இல் 36 பாகை, 1/30இல் 71 பாகை. இரண்டே பிளேடுகள் என்பதால், முழு வட்டமும் நிரம்பித் தெரிய அரைச் சுற்று தேவை. அதற்கு 1/12 நொடி வேண்டும். நான்கு பிளேடுள்ள ஹெலிகாப்டருக்கு அதில் பாதி நேரமே போதும் என்பதால், பிறர் தரும் பொதுவான அறிவுரைகள் இங்கே பொருந்தாமல் போகின்றன.

தொடங்குபவர் 1/125இல் தொடங்கட்டும். பிளேடின் நுனியில் தெளிவான தேய்வு விழும். உடலும் பெரும்பாலும் கூர்மையாக வரும். கை பழகியதும் 1/60க்கு இறங்குங்கள். என் கணிப்பில் பெல் 47க்கு மிக அழகான வேகம் இதுதான்: விசிறி விரிந்தது போன்ற இரண்டு மங்கலான பட்டைகள், அவற்றுக்கு நடுவே எடைக் குண்டுக் கம்பியின் நிழல். 1/30இல் பத்துப் படங்களில் ஒன்று தேறினாலே அந்த நாள் நல்ல நாள். தரையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ரோட்டரும் மெதுவாகவே சுற்றும் என்பதால், அப்போது இன்னும் ஒரு படி கீழிறங்க வேண்டும்.

வெயிலில் இவ்வளவு மெதுவான ஷட்டர் ஒளியை அளவுக்கு மீறி உள்ளே விடும். ஐஎஸ்ஓ 100 என்ற ஒளி உணர்திறனில் நண்பகல் வெயிலுக்கு 1/100 நொடியும் எஃப்/16 என்ற லென்ஸ் துளை அளவும் சரி என்றால், 1/60க்கு எஃப்/20 தேவைப்படும். அந்த அளவுக்குத் துளை சுருங்கினால் படத்தின் கூர்மை குறையும், சென்சாரின் தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒளியை நான்கில் ஒன்றாகக் குறைக்கும் சாம்பல் நிற வடிகட்டியை மாட்டினால் எஃப்/10க்குத் திரும்பலாம். வடிகட்டி வாங்கும் வரை, காலையிலும் மாலையிலும் மட்டும் படமெடுங்கள். ஒளியும் அப்போதுதான் கனிவாக இருக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசிங் வடிகட்டியை மட்டும் தவிருங்கள். வளைத்துச் செய்த பிளாஸ்டிக் குமிழில் அது வானவில் திட்டுகளை உண்டாக்கிவிடும். மின்னணு ஷட்டரும் வேண்டாம்: சென்சார் வரிவரியாகப் படிப்பதால் பிளேடு வாழைப்பழம்போல் வளைந்து பதியும். கைப்பேசியில் எடுத்த படங்களில் இந்தக் கோளாறை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நிற்கும் இடமும் பின்னணியும்

ஹெலிகாப்டர் உங்கள் கண்மட்டத்தில் நேராகக் கடந்தால், எவ்வளவு மெதுவான ஷட்டரும் ரோட்டரை ஒரு மெல்லிய கோடாகவே காட்டும். அது உங்கள் பக்கம் சாய்ந்து திரும்பும் கணத்தில்தான் வட்டம் திறக்கிறது. ஆகவே திருப்பம் எங்கே விழுகிறது என்பதை முதல் இரண்டு சுற்றுகளில் வெறுமனே பார்த்துவிட்டு, வளைவின் வெளிப்புறத்தில் நிற்காமல் ஹெலிகாப்டரின் மேற்பகுதி தெரியும் பக்கத்துக்கு நகருங்கள். பெல் 47 மணிக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். இடம் மாற நேரம் கிடைக்கும்.

கடக்கும் ஹெலிகாப்டரைப் பின்தொடர, கால்களை அது வெளியேறப்போகும் திசைக்கு வைத்து, இடுப்பை மட்டும் அது நுழையும் திசைக்குத் திருப்பி நில்லுங்கள். அவிழும் கயிறுபோல உடல் சீராகத் திரும்பும். பொத்தானை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். ஒரே இடத்தில் மிதக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. லென்ஸின் அதிர்வுத் தடுப்பு இருந்தால் 1/40ஐக்கூடத் துணிந்து முயலலாம்.

குழாய்ச் சட்ட வாலுக்குப் பின்னணி மிக முக்கியம். கிளை நிறைந்த மரங்களுக்கு முன்னால் அது கரைந்துபோகும். வெறும் வானத்துக்கோ தொலைவில் மங்கிய குன்றுக்கோ முன்னால் ஒவ்வொரு குழாயும் தனித்தனியே நிற்கும். வானம் பின்னணியானால் கேமரா ஏமாந்து உடலை இருட்டாக்கும் என்பதால், ஒளியின் அளவை ஒரு படி கூட்டி வையுங்கள். வெயில் எதிரே இருந்தாலும் விலகிவிடாதீர்கள்: ஒளி குமிழை ஊடுருவும்போது விமானியின் உருவமும், கைப்பிடிகளும், கருவிப் பலகையும் நிழலுருவாகத் தெரியும். இந்த வாய்ப்பைத் தகட்டு உடல் கொண்ட ஹெலிகாப்டர்கள் தருவதில்லை.

எல்லைகள்

ரோட்டர் வேகம் குறையும்போது பிளேடின் நுனி காற்றில் தாழ்ந்து ஆடும். வால் ரோட்டரோ ஒரு வளைந்த குழாயைத் தவிர வேறு காப்பின்றிச் சுழலும். அழைக்கப்பட்டாலொழிய, அது முற்றிலும் நிற்கும் வரை அருகில் போகக் கூடாது; அழைக்கப்பட்டாலும் விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமாகவே செல்ல வேண்டும். மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டராயின் காற்று வரும் திசையில் நில்லுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டா விமானத் தளத்தில் எண்களைக் குறித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ், டச்சு ஆர்வலர்கள் 14 பேர் கைதாகி, 2002 ஏப்ரலில் தண்டிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில்தான் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். பிரிட்டனில் வேலிக்கு வெளியே நின்று செய்யும் அதே செயல், இன்னொரு நாட்டில் உளவாகப் பார்க்கப்படலாம். இந்தியாவில் விமான நிலையங்களில் அனுமதியின்றிப் படமெடுக்க முயல வேண்டாம்.

தனியார் திடல்களில் உரிமையாளரிடம் முன்கூட்டிக் கேளுங்கள். அவர் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தியிருக்கும் ஹெலிகாப்டரின் இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள். எடுத்த படத்தில் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தால், அடுத்த முறை கொட்டகையின் கதவு தானாகவே திறக்கும். அறைக்குள்ளிருக்கும் தகட்டைப் பார்த்துக் கட்டுமான எண்ணைச் சரிபார்க்க அதைவிட்டால் வேறு வழியில்லை.

அந்தச் சரிபார்ப்பு தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. பெல் 47இன் ராணுவ வடிவமான கொரியப் போர்க்கால எச்-13 போலச் சிவப்புச் சிலுவையும் நோயாளித் தூக்குப் படுக்கைகளும் பொருத்திப் பறக்கும் பல ஹெலிகாப்டர்கள், பிற்காலத்தில் கட்டப்பட்டு வயல்களில் உழைத்தவை. பிரிட்டனில் ஆணையத்தின் விலக்கு பெற்றால், பழைய ராணுவ வண்ணத்தில் பறப்பவை குடிமைப் பதிவெண்ணைக் காட்டாமலேகூட இருக்கலாம். ஆகவே அழகான படம் கிடைத்த பிறகு, அழகில்லாத ஐந்து படங்களையும் எடுங்கள்: இடப்புறம், வலப்புறம், வால், எஞ்சின், பதிவெண் எழுதிய இடம். அன்று இரவே கோப்பின் பெயரில் நாள், இடம், பதிவெண், கட்டுமான எண் ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே எழுதுங்கள்; கட்டுமான எண் உறுதியாகவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.