தோட்டத்துக்குள் ஓடிய கப்சாயை வாங்குவது எப்படி: முதல் வண்டி தேடுபவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட், பிடோர், பாகான் டத்தோ மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த பட்டணங்களில் விற்பனைக்கு வரும் பழைய கப்சாய்களில், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள்களில் பல, பாமாயில் தரும் செம்பனைக் குலைக்கும் உரமூட்டைக்கும் நடுவே உழைத்தவை. கவர்செட்டை (வெளி பிளாஸ்டிக் மூடிகளை) மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டி, கழுவித் துடைத்து நிறுத்திவிட்டால், கடைத்தெருவுக்கு மட்டும் போய்வந்த வண்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கப் போங்கள். தேய்ந்த சாமானுக்கு மாற்று கடையில் கிடைக்கும். வளைந்த சேசிஸும் (வண்டியின் எலும்புக்கூடு) சிக்கலான கிராண்டும் (உரிமைப் பதிவுப் பத்திரம்) அப்படியில்லை. மொட்டை டயரைப் பார்த்து முகம் சுளித்து நல்ல வண்டியை விட்டுவிட்டு, புது டயர் போட்ட வளைந்த வண்டியை ஓட்டி வந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

1. எந்த வண்டி

மோட்டார் சைக்கிளுக்கான பி2 லைசென்ஸ் 16 வயதில் எடுக்கலாம். 250 சிசி வரை ஓட்டலாம். சட்டம் விடுகிறதே என்று 150 சிசி கிளட்ச் வண்டியில் ஆரம்பிக்க வேண்டாம். ஹோண்டா இஎக்ஸ்5, ஹோண்டா வேவ், கெடா குரூணில் தயாரான மொடெனாஸ் கிரிஸ், யமாஹா லெகெண்டா போன்ற கப்சாய்களுக்குக் கைக்கிளட்ச் கிடையாது, கியர் நான்கு, எடை 100 கிலோவுக்கு அக்கம்பக்கம். செம்மண் பாதையில் சறுக்கிச் சாய்ந்தாலும் ஒரே ஆள் தூக்கி நிறுத்திவிடலாம். 150 சிசி வரை ரோட்டெக்ஸ் (சாலை வரி) வருடத்துக்கு 2 ரிங்கிட்தான். சாமான் எந்தச் சின்னப் பட்டணத்துக் கடையிலும் கிடைக்கும். ஊரில் எந்தப் போமனும் (மெக்கானிக்) கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்.

யமாஹாவின் ஒய்15, 125இசட் வகை வண்டிகள் மோசமானவை அல்ல. ஆனால் பழையதாகக் கைமாறும்போது பெரிய பிளாக் (சிலிண்டர்) போட்டதா, கார்ப் (கார்புரேட்டர்) மாற்றியதா, வயரிங்கை வெட்டி ஒட்டியதா என்று கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். முதல் வண்டிக்குக் கம்பெனி விட்டபடியே இருக்கும் எஞ்சின் போதும்.

2. போனில் கேட்க வேண்டியது

மூன்றே கேள்வி. "அண்ணே, கிராண்ட் உங்க பேர்லயா?" "லோன் பாக்கி ஏதும் இருக்கா?" "நான் வர்ற வரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம வைக்க முடியுமா?" கடைசிக் கேள்விக்குத் தயங்குகிறவரின் வண்டியைக் கொஞ்சம் கூடுதலாகவே சோதியுங்கள். பார்க்கப் போவது பகலில், மழை இல்லாத நேரத்தில். நனைந்த வண்டியில் கீறலும் எண்ணெய்க் கசிவும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு டார்ச் லைட், பழைய துணி, ஸ்குரூடிரைவர் கையில் இருக்கட்டும்.

3. கிராண்ட்: வண்டியைத் தொடுவதற்கு முன்

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கிராண்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் எண் எஞ்சின் பெட்டியின் கீழ்ப்பக்கம் பொறித்திருக்கும். சேசிஸ் எண்ணின் இடம் மாடலுக்கு மாடல் மாறும். பெரும்பாலும் ஹேண்டில் கழுத்துப் பக்கமோ இருக்கைக்கு அடியிலோ தேடினால் கிடைக்கும். சேற்றைத் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எண்ணைச் சுற்றி ராவிய தழும்பு, புது பெயிண்ட், வரிசை தப்பிய எழுத்து இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

தோட்டப் பக்கம் அடிக்கடி மாட்டுவது மூன்று வகை.

ஒன்று, சம்போங் பாயார். கடன் ஒருவர் பேரில் இருக்க, இன்னொருவர் மாதத் தவணையைக் கட்டி ஓட்டுவது. மாதாமாதம் நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் வண்டி உங்களுடையது ஆகாது. நீங்கள் கொடுக்கும் பணம் கடன் கணக்குக்குப் போய்ச் சேராமல் நின்றாலோ, பேர் உள்ளவர் மனம் மாறினாலோ, வண்டி போகும். கட்டிய பணமும் போகும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பக்கமும் தலைவலி.

இரண்டு, கிராண்டில் வங்கியின் அல்லது கடன் நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை இன்னும் நிற்பது. "எல்லாம் கட்டி முடிச்சாச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. நிறுவனம் அந்தக் கோரிக்கையை விடுவித்த பிறகுதான் பேர் மாற்ற முடியும். அதுவரை முன்பணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று, இறந்துபோனவர் பேரில் உள்ள வண்டி. லயத்து வீட்டு வாசலில் துணி போர்த்தி நிற்கும் "அப்பாவோட மோட்டார்" இந்த வகைதான். பெற்ற மகனே விற்றாலும், அமானா ராயா (இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அரசு நிறுவனம்) அல்லது நீதிமன்ற வழியாக வாரிசு உரிமைப் பத்திரம் எடுத்த பிறகே சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பேர் மாறும். பல மாதம் இழுக்கும் வேலை அது. அந்தப் பத்திரம் கையில் வரும்வரை பணம் கைமாறக் கூடாது.

சம்மன் (போக்குவரத்து அபராதம்) பாக்கியையும் பிளாக்லிஸ்ட்டையும் விற்பவரின் போனிலேயே, உங்கள் எதிரில், மைஜேபிஜே, மைபாயார் செயலிகளில் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. இதற்கு யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

4. கவர்செட்டுக்கு உள்ளே

இங்கே அவசரப்படாதீர்கள். அரை மணி நேரம் எடுத்தால் குறைச்சல் இல்லை.

செம்பனைக்குப் போடும் உரங்களில் பொட்டாசியம் குளோரைடு முக்கியமானது. பேருக்கு ஏற்றபடி அது ஓர் உப்பு. உரமூட்டை ஏற்றிய வண்டியில் சிந்திய தூள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். ரப்பர் பால் ஏற்றிய வண்டிக்கு, பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் அதே வேலையைச் செய்யும். ஆகவே இருக்கையைத் தூக்கி, பின் அப்சோர்பரின் மேல் போல்ட்டு சேசிஸில் பிடிக்கும் இடம், கேரியர் பொருத்திய இடம், பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மின் அடிப்பக்கம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்குரூடிரைவர் முனையால் மெதுவாகத் தட்டுங்கள். மேல்துரு கொட்டி, உள்ளே கெட்டி இரும்பு தெரிந்தால் பாதகமில்லை. முனை உள்ளே இறங்கினாலோ, மண் விழுவது போல ஏடு ஏடாகக் கழன்றாலோ கிளம்பிவிடுங்கள். வெல்டிங் தழும்பு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குலை ஏற்றி ஏற்றி விரிசல் விட்ட இடத்தை ஒட்டவைத்து, பெயிண்ட் அடித்து விற்பது புதிதல்ல.

அடுத்து, வண்டிக்குப் பின்னால் நாலைந்து அடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். முன் டயரும் பின் டயரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்து, ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்துங்கள். குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது, அது மாற்றக்கூடியதுதான். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பல் மாட்டுவது போல நின்றால் ஹேண்டில் கழுத்தில் உள்ள கோன் செட் (பேரிங்) குழிந்திருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங்கோ சுவிங் ஆர்ம் புஷ்ஷோ தேய்ந்துவிட்டது. கம்பி ரிம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேளுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது டொக்கென்று ஊமையாகக் கேட்கும்.

செயினைப் பின் ஸ்புரோக்கெட்டின் பின்பக்கத்திலிருந்து இழுத்தால் பல்லை விட்டு வெளியே வருகிறதா, பல் கொக்கி போலச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் செயின், முன் ஸ்புரோக்கெட், பின் ஸ்புரோக்கெட் மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும். அந்தப் பணத்தை விலையில் குறைக்கச் சொல்லலாம். டயரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. வெட்டு ஆழமாக இருந்தாலும் ஓரத்தில் பொடிப்பொடியாக வெடித்திருந்தால் அது கிழட்டு டயர்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டிய வண்டிகள் ஏராளம். கியர் மிதியின் ரப்பரும் கால்மிதி ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் 12,000 காட்டினால் எதை நம்புவது என்று சொல்லத் தேவையில்லை.

5. எஞ்சின்

முதலில் கையால் தொடுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் கோளாறை மறைத்துவிடும். பிறகு எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் மாற்ற நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். தே தாரிக் (பால் டீ) நிறத்தில் கலங்கலாக இருந்தால் உள்ளே தண்ணீர். இஎக்ஸ்5 போன்றவை காற்றால் குளிரும் எஞ்சின். உள்ளே கூலண்டே கிடையாது. ஆகவே அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது, வெள்ளத்தில் மூழ்கியிருக்கலாம். எல்சி135, ஒய்15 போன்ற கூலண்ட் வண்டியில் வாட்டர் பம்ப் சீலோ கேஸ்கெட்டோ போயிருந்தாலும் இதே நிறம் வரும். இரண்டில் எதுவானாலும் புதிதாக ஓட்டுபவருக்கு அந்த வண்டி சரிப்படாது.

கிக் அடிக்கும்போது காலுக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும். பஞ்சு மாதிரி இறங்கினால் கம்பிரஷன் இல்லை. ஸ்டார்ட் ஆனதும் எக்ஸாஸைப் பாருங்கள். ஆரம்பத்தில் சற்று வெள்ளைப் புகை வந்து மறைவது ஈரம். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது: ஆக்சிலேட்டரை விட்டுத் திரும்ப முறுக்கும்போது மட்டும் வந்தால் வால்வ் சீல், ஓயாமல் வந்தால் பிஸ்டன் ரிங். கறுப்புப் புகை பெட்ரோல் கூடுதல். கார்ப் சரிசெய்தால் தீர்ந்துவிடும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது பிறவியிலேயே புகை விடும். இடது பக்கத்தில் சலசலவென்று சங்கிலிச் சத்தம் கேட்டால் எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது.

லைட், சிக்னல், ஹோர்ன், பிரேக் லைட் எல்லாம் ஒரு சுற்று போட்டுப் பாருங்கள். பகலிலும் முன் விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் சட்டம்.

6. ஓட்டிப் பார்ப்பது

லைசென்ஸ் இன்னும் வரவில்லை என்றால் ஓட்டத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். ஹெல்மெட் இல்லாமல் வேண்டாம். ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் முறுக்குங்கள்: சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. இரண்டாம் கியர் தானாகவே நழுவினால் எஞ்சினைப் பிளக்கும் வேலை, விட்டுவிடுங்கள். நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மேலே நாலாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ச் சேசிஸை மறுபடி பாருங்கள். டிரம் பிரேக் மிதி 2–3 செ.மீ. இறங்கியதும் பிடிக்க வேண்டும்.

7. விலையும் பேர் மாற்றமும்

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைச் செயின், டயர், பிரேக் ஷூ, எண்ணெய்க்கு ஒதுக்குங்கள். உங்கள் பேரில் இன்சூரன்ஸ் எடுத்து, இருவரும் அடையாள அட்டையோடு ஜேபிஜே போய்ப் பெருவிரல் ரேகை வைத்து, அங்கேயே மீதிப் பணம். "வெறும் கையெழுத்து போதும், பின்னால மாத்திக்கலாம்" என்றால், பின்னால் வரும் சம்மன் யார் பேரில் போகும் என்று விற்பவரிடமே கேளுங்கள். அவரே கிளம்பி வருவார். லைசென்ஸ் புதிது என்றால் முதல் இரண்டு வருடம் முன்னும் பின்னும் புது ஓட்டுநர் என்று காட்டும் பி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

8. முதல் வாரம்

வீட்டுக்கு வந்ததும் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள், இஎக்ஸ்5க்கு 0.7 லிட்டர் போகும். வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மினுமினுக்கும் தூள் கொஞ்சம் இருப்பது சகஜம். விரலில் உறுத்தும் துண்டு சகஜமல்ல. பிளக்கை மாற்றி, பழையதன் முனையைப் போமனிடம் காட்டுங்கள்: இளம் பழுப்பு நல்லது, எண்ணெய் ஈரம் ரிங்கைச் சொல்கிறது. செயின் நடுவில் 25 முதல் 35 மி.மீ. வரை ஆட வேண்டும். சேற்றில் போய்வந்த அன்று செயினைக் கழுவிக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். செம்மண் காய்ந்து எண்ணெயோடு கலந்தால் உப்புத்தாள் மாதிரி ஸ்புரோக்கெட்டைத் தேய்த்துவிடும். 500 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை இன்னொரு முறை மாற்றுங்கள். முதல் முறை வடியாமல் அடியில் தங்கிய அழுக்கு அப்போதுதான் வெளியே வரும்.