தீவிர உணவு அலர்ஜி உள்ள குழந்தையோடு தீம் பார்க் ரிசார்ட்டுக்குப் போகிறீர்களா?

சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியைப் பற்றிப் பேசிவிடுவோம். தொடையில் அழுத்தினால் அலர்ஜிக்கான அவசர மருந்தைத் தானே செலுத்தும் ஊசி, அதாவது அட்ரினலின் ஆட்டோ இன்ஜெக்டர், இரண்டு வேண்டும். முதல் டோஸுக்கு அலர்ஜி அடங்காமல் போகலாம், பதற்றத்தில் ஒன்று வீணாகவும் போகலாம். பொதுவாக 15 முதல் 30 கிலோ வரை 0.15 மி.கி., அதற்கு மேல் 0.3 மி.கி.; 25 கிலோவிலேயே 0.3க்கு மாற்றும் டாக்டர்களும் உண்டு. குழந்தை வளர்ந்திருக்கும், எனவே கிளம்புமுன் எடை பார்த்துக் கேட்டுவிடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். மருந்துச் சீட்டும் டாக்டர் எழுதிய அவசரத் திட்டமும் ஊசியோடு ஒரே பையில் இருந்தால் வாசல் சோதனையில் வாக்குவாதம் வராது.

ஊசியை 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். நிறுத்திய காரிலும் வெயிலில் நிற்கும் தள்ளுவண்டியிலும் அது கெட்டுவிடும். வெப்பம் தாங்கும் உறையில் போடுங்கள். ஐஸ் கட்டி ஊசியில் நேரடியாகப் படக் கூடாது, உறைந்தாலும் மருந்து கெடும்.

பெரிய ஓட்டை விழுவது ரைடுகளில்தான். பைகளை லாக்கரில் பூட்டச் சொல்வார்கள். அப்பா குழந்தையோடு வரிசையில், அம்மா சின்னவனோடு வேறு பக்கம், ஊசி லாக்கரில். இப்படித்தான் நடக்கும். ஜிப் வைத்த இடுப்புப் பட்டையில் குழந்தையோடு போகும் பெரியவர் அதைக் கட்டிக்கொள்ளலாம்; தண்ணீர் ரைடென்றால் நீர் புகாத உறை. பட்டையும் கூடாது என்றால் ரைடு ஏறாத ஒருவர் இறங்கும் வாசலிலேயே நிற்கட்டும். இரண்டு ஊசியும் ஒரே ஆளிடம் இருக்கட்டும், பிரிக்காதீர்கள். குழு பிரிந்தால் ஊசி குழந்தை பக்கம்.

அறை பதியும்போது ஃபிரிட்ஜும், முடிந்தால் அடுப்பும் உள்ளதாகக் கேளுங்கள். காலை உணவை அறையிலேயே முடித்தால் ஒரு வேளை ஆபத்து குறையும். வெளிச் சாப்பாட்டுக்குத் தடையுள்ள பூங்காக்களிலும் மருத்துவக் காரணத்துக்கு விலக்கு தருவது வழக்கம். முன்கூட்டி எழுதிக் கேட்டு, பதிலை போனில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம்.

உணவகத்தில் கூட்ட நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். ஆப்பில் ஆர்டர் செய்து குறிப்புப் பெட்டியில் அலர்ஜி என்று எழுதினால் சமைப்பவர் பார்த்தாரா என்பது தெரியாது. கவுன்டரில் நின்று செஃபைக் கூப்பிடச் சொல்லுங்கள். "இதில் பால் இருக்கிறதா?" என்றால் "இல்லை" என்று சட்டென வந்துவிடும். "இந்த எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்?" என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். உருளைக்கிழங்கு வறுவலில் பால் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பால் கலந்த மாவில் தோய்த்த கோழியும் அதே எண்ணெயில் வெந்திருக்கும். சூட்டில் அலர்ஜிப் புரதம் போய்விடும் என்று நம்பாதீர்கள். ஐஸ்கிரீம் கரண்டி, கிரில் தட்டு, டோஸ்டர், கையுறை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பஃபேயில் கரண்டி இடம் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே புதிதாக எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். தட்டு மேசைக்கு வந்ததும் கொண்டுவந்தவரிடம் மறுபடி ஒருமுறை கேளுங்கள். தவறான தட்டு வந்தால், புதியது வரும்வரை அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். மேலே கிடப்பதை மட்டும் எடுத்துவிட்டு அதையே கொண்டுவருபவர்கள் உண்டு.

வெளிநாடென்றால் பழகிய பிராண்டானாலும் லேபிளைப் படியுங்கள். அமெரிக்காவில் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய அலர்ஜி உணவுகள் 9 (எள் 2023இல் சேர்ந்தது). ஐரோப்பிய ஒன்றியத்தில் கடுகு உட்பட 14. "கலந்திருக்கலாம்" என்ற வரி பல நாடுகளில் கட்டாயமில்லை, ஆகவே அது இல்லாததை உத்தரவாதமாக எடுக்க முடியாது.

ரைடின் கம்பிகளைத் துடைத்துத் துடைத்துச் சோர்ந்துபோக வேண்டாம். தோலில் பட்டால் பெரும்பாலும் பட்ட இடத்தில் தடிப்பு வரும், அவ்வளவுதான். கை வாய்க்குப் போவதுதான் ஆபத்து. சாப்பிடுமுன் சோப்பும் தண்ணீரும், அல்லது ஈரத் துடைப்பான். சானிடைசர் கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தை நீக்காது.

உள்ளே நுழைந்ததும் முதலுதவி நிலையம் எங்கே என்று பாருங்கள், உள்ளூர் அவசர எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூச்சு இரைப்பு, குரல் கம்முதல், மயக்கம், அல்லது தடிப்போடு தொடர் வாந்தி என்றால் காத்திருக்காதீர்கள். தொடையின் வெளிப்பக்கம் நடுவில், உடை மேலேயே ஊசி. சிறு குழந்தையென்றால் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அலர்ஜி மாத்திரை இதற்கு மாற்றில்லை. பிறகு ஆம்புலன்ஸ். குழந்தையைப் படுக்க வையுங்கள், மூச்சு திணறினால் உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள், முதலுதவி நிலையம் பக்கத்திலிருந்தாலும் அவர்கள்தான் வர வேண்டும். 5 முதல் 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது ஊசி. தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைதான்: சில மணி நேரம் கழித்து அலர்ஜி மறுபடி வரலாம். இன்னும் ஒரு ரைடு என்று குழந்தை அழுதாலும் அன்றைக்கு அவ்வளவுதான்.