பிடித்த கூத்துக் கலைஞரை ஒரு பருவம் முழுவதும் தொடர்ந்து பார்ப்பதற்கு

தெருக்கூத்தில் ஒரு நடிகரின் ஆட்டம் மனத்தைப் பற்றிக்கொண்டால், அவரை ஓர் இரவு மட்டும் பார்த்து நிறைவடைவது கடினம். பாட்டுகள் பெரும்பாலும் வகுக்கப்பட்டவை என்றாலும், வசனத்தின் பெரும்பகுதி எதிரே நிற்கும் நடிகரையும் சுற்றி அமர்ந்திருக்கும் ஊரையும் பார்த்து அந்த இரவிலேயே பிறக்கிறது. ஆகவே வந்தவாசிப் பக்கம் ஒரு சிற்றூரில் கண்ட கர்ணனை, அடுத்த வாரம் காஞ்சிபுரத்துக்கு அருகே அதே நடிகரிடம் அப்படியே காண முடியாது. இந்த வேறுபாட்டைக் காண்பதற்காகவே ஒருவரைத் தொடர்ந்து செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அவர் எந்த ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஆடுகிறார் என்பதையும், அதை நடத்தும் வாத்தியார் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊரார் வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்துத் தேதியை உறுதி செய்வது வாத்தியாரிடம்தான் என்பதால், எந்த இரவு எந்த ஊரில் எந்தக் கூத்து என்பது அவருடைய குறிப்பேட்டில் இருக்கும். கோயில் திருவிழா நோட்டீசுகளிலும், இப்போது வாட்ஸ்அப் குழுக்களிலும் தேதிகள் வெளியாகின்றன. ஆனால் புறப்படும் நாளன்று ஒருமுறை கேட்டு உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள். மழை வரலாம், ஊரில் இழவு நேரலாம், உங்கள் நடிகர் அன்று வேறு வேஷம் கட்டலாம். விடிய விடிய ஆடியவர்கள் காலையில்தான் கண்ணயர்வார்கள். எனவே மாலை நேரத்தில் அழைப்பதே முறை.

பங்குனியிலிருந்து ஆவணி வரை கூத்து மிகுதியாக நடக்கும். இதில் உங்களுக்கு மிகவும் பயன்படுவது திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழா. பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாக வில்வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை வரிசையாக நகர்வதால், ஒரே ஊரில் தங்கி ஒரே நடிகரைப் பல வேஷங்களில் காணலாம். அவர் துரியோதனன் கட்டுபவர் என்றால் துரியோதனன் வீழ்வதை நிகழ்த்தும் படுகளத்தன்று பகலிலேயே ஊரில் இருங்கள். மண்ணால் பேருருவாகச் செய்து கிடத்தப்பட்ட துரியோதனனைச் சுற்றி, இரவு முழுவதும் ஆடியவர்களே பீமனாகவும் துரியோதனனாகவும் வெயிலில் ஓடி ஆடுவதையும், திரௌபதி கூந்தல் முடிவதையும் கண்ட பிறகு, முந்தைய இரவின் ஆட்டம் வேறொரு பொருள் கொள்ளும். கர்ண மோட்சம் கருமாதி இரவுகளிலும் ஆடப்படுகிறது. அங்கே நீங்கள் துக்க வீட்டின் விருந்தினர் என்பதை நினைவில் வைத்து, வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு அமருங்கள்.

வேறு வேஷங்களைத் தேடுமுன், ஒரே வேஷத்தை இரண்டு மூன்று ஊர்களில் பார்த்துவிடுவது நல்லது. கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் நடக்கும் வாக்குவாதம் இதற்குச் சிறந்த இடம். போருக்குப் புறப்படும் கணவனைத் தடுக்கும் மனைவியாக யார் கட்டுகிறார் என்பதைப் பொறுத்து, உங்கள் நடிகர் ஓரிடத்தில் கோபத்தை ஏற்றுவார், மற்றோரிடத்தில் குரல் தாழ்த்தி உருகுவார். பின்பாட்டுக்காரர் எடுக்கும் சுருதியும், முகவீணை என்னும் சிறு ஊதுகுழலும் மிருதங்கமும் கொடுக்கும் ஊக்கமும் அந்த முடிவில் பங்கு கொள்கின்றன. வீடு திரும்பியதும் ஊர், தேதி, உடன் ஆடியவர், புதிதாக வந்த வசனம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், பருவ முடிவில் அந்த நடிகரின் வளர்ச்சியே உங்கள் கையில் இருக்கும்.

மரத்தாலான அணிகள் பூண்ட கட்டை வேஷக்காரர் திரைக்குப் பின்னிருந்து பாடியபடி, கிரீடமும் தோளில் அணியும் புஜக்கட்டையும் சிறிது சிறிதாகத் தெரிய வெளிப்படும் நேரத்தைத் தவறவிடக் கூடாது. ஆகவே கதையை அறிமுகப்படுத்தும் கோமாளியான கட்டியங்காரன் தொடங்கும்போதே களத்தில் இருங்கள். கால் அடவுகள் தெரியும்படி பக்கவாட்டில் முன்வரிசையில் இடம் பிடியுங்கள். பாயும் போர்வையும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். கடைசிப் பேருந்தில் போய் முதல் பேருந்தில் திரும்புவதே பெரும்பாலான ஊர்களுக்கு வழி.

நடிகரை அணுகும் முறையில் மிகுந்த கவனம் தேவை. கூத்து நடிகர்கள் தங்கள் அரிதாரத்தைத் தாங்களே பூசிக்கொள்கிறார்கள். அது வேஷத்துக்குள் அவர்கள் மெல்ல நுழையும் நேரம். ஒப்பனை செய்யும் இடத்தில் அனுமதித்தால் ஓரமாக அமர்ந்து பார்க்கலாம், பேச்சுக் கொடுக்கக் கூடாது. துகிலுரியும் காட்சி வழிபாடாகவே நடைபெறுவதால், அப்போது கைப்பேசியை உயர்த்திப் பிடிக்காதீர்கள். மற்ற நேரங்களில் படம் எடுப்பதானாலும் வாத்தியாரிடம் முன்னரே கேளுங்கள். அன்பளிப்பைக் களத்தில் கொடுத்தால் பெயரை அறிவிப்பதற்காக ஆட்டம் நிற்கும். ஊரார் கொடுப்பது மரபு, ஆனால் தொடர்ந்து வருகிற நாம் விடிந்தபின் அவர் கையில் நேரே கொடுப்பதே ஆட்டத்துக்குச் செய்யும் மரியாதை. பேச விரும்பினால், வேஷம் கலைத்துத் தேநீர் அருந்தும்போது, அன்று எந்த இடம் உங்களைத் தொட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அடுத்த இரவு அவருக்கு வேறோர் ஊர் காத்திருக்கும்.

ஐப்பசி மழையில் ஊர்க்கூத்து குறைந்துவிடும். அந்த மாதங்களில் கூத்துக்குப் பெயர்பெற்ற, செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக்கும், 1990-இல் கூத்துக் கலைஞர்கள் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் (கட்டைக்கூத்து என்பது தெருக்கூத்தின் மற்றொரு பெயர்) இயங்கும் காஞ்சிபுரம் அருகிலுள்ள புஞ்சரசந்தாங்கலுக்கும் சென்றுவரலாம். உங்கள் நடிகரின் ஆட்டம் தெற்கத்தி, வடக்கத்தி என்ற இரு வட்டாரப் பாணிகளில் எது, அவருடைய வாத்தியாருக்கு வாத்தியார் யார் என்று அங்குள்ள மூத்தவர்களிடம் கேட்டறிந்துகொண்டால், பங்குனியில் முதல் தேதி கிடைத்ததும் எந்த அடவைக் கவனிக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கும்.