ஊசியிலை மரங்களில் இலைக்கன்களைக் கணக்கெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் விகாரமகாதேவி பூங்காவின் பெருமரங்களிலும் வீட்டு முற்றத்து மாமரங்களிலும் பட்டையோடு ஒட்டிக்கிடக்கும் சாம்பல் நிறத் திட்டுகளை, அதாவது இலைக்கன்களை (lichen), பார்த்து வளர்ந்த மாணவர்கள், பல்கலைக்கழகச் செயற்றிட்டத்துக்காக ஹந்தானையின் பைன் தோட்டங்களுக்கோ நுவரெலியாவின் சைப்பிரசு மரங்களுக்கிடையிலோ இலைக்கன் கணக்கெடுக்கச் செல்வதுண்டு. இயற்கைக் காட்டில் இத்தனை இனம், நட்டு வளர்த்த காட்டில் இத்தனை இனம், ஆகவே நட்ட காடு வறியது என்பதே அங்கு எளிதில் எட்டப்படும் முடிவு. முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு வரும் வழியில் பல பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் சிறிய பிழைகளைப் பார்த்துவிடலாம். இலைக்கன் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. பங்கசும் அல்காவும், சிலவற்றில் சயனோபற்றீரியாவும், கூடி வாழும் அவ்வுயிர் தனக்கான உணவைத் தானே ஒளித்தொகுப்பால் பெறுகிறது. பட்டை அதற்கு இடம் மட்டுமே. பட்டுப்போகும் கிளையில் அது மிகுந்து தெரிவதற்குக் காரணம், இலை உதிர்ந்த கிளைக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைப்பதாகும். மாமரத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக் கத்தியால் சுரண்டுவோர் பட்டையைத்தான் காயப்படுத்துகிறார்கள். அதேபோல், பட்டையில் நிறமாகத் தெரிவதெல்லாம் இலைக்கன் அன்று. நமது ஈரவலயத்தில் மரத்தண்டுகளிலும் மதில்களிலும் செம்மஞ்சள் நிறத்தில் பரவும் மெல்லிய பூச்சு பெரும்பாலும் திரெந்தெபோலியா எனும் அல்கா. அது தனித்தும் வாழும், வேறு பல இலைக்கன்களுக்குள் கூட்டாளியாகவும் வாழும். பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லையால் பார்த்தால், தனித்து வாழும் அல்கா வெல்வெட்டுத் துணியின் இழைகளைப் போல் நிமிர்ந்து நிற்கும். இலைக்கனிலோ இறுகிய மேற்பரப்பும், பல வேளைகளில் கிண்ணம் போன்ற அல்லது கோடு கீறியது போன்ற வித்தியுண்டாக்கும் உறுப்புகளும் தெரியும்.

பெரிய பிழை, மர இனத்தைக் குறிக்காமல் இலைக்கன் இனங்களை எண்ணுவது. ஊசியிலை மரங்களின் பட்டை இயல்பாகவே அமிலத்தன்மை கூடியது. வட ஐரோப்பாவின் ஸ்கொட்ஸ் பைன், நோர்வே ஸ்புரூஸ் ஆகியவற்றின் பட்டையில் பீ.எச். பெறுமானம் (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 4 ஆக இருக்க, அதே காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் ஆஸ்பென் எனும் அகலிலை மரத்தின் பட்டையில் அது 5-ஐத் தாண்டிவிடும். அமிலப் பட்டையை விரும்பும் ஹைப்போஜிம்னியா பைசோடெசு, பிளாற்றிஸ்மாற்றியா கிளோக்கா போன்றவை ஸ்புரூஸில் நிறைந்திருக்கும். லோபேரியா புல்மொனேரியா போன்ற பெரிய இலைவடிவ இனங்களைத் தேடுபவர் பெரும்பாலும் ஆஸ்பெனுக்கோ வேறு அகலிலை மரத்துக்கோதான் போகவேண்டும். எனவே நூறு ஸ்புரூஸ் மரங்களை ஆராய்ந்து கிடைத்த பட்டியலும், தொண்ணூறு ஸ்புரூஸுடன் பத்து ஆஸ்பெனை ஆராய்ந்து கிடைத்த பட்டியலும் ஒப்பிடத் தக்கவை அல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காட்டு முகாமைத்துவத்தின் விளைவென்று சொல்வது, களையெடுப்பின்போது ஆஸ்பென் வெட்டப்பட்டதா என்பதை விசாரித்த பின்னரே நியாயமாகும். நம் மலைநாட்டில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. இங்குள்ள கரிபியன் பைன் அயல்நாட்டு மரம். அதன் பட்டை தகடு தகடாக உரிந்து விழுவதால், மெதுவாக வளரும் ஓர் இலைக்கன் நிலைபெறுமுன்பே அதன் தளம் நிலத்துக்கு வந்துவிடுகிறது. அம்மரத்தைப் பக்கத்து மழைக்காட்டின் வழுவழுப்பான பட்டையுள்ள மரத்தோடு ஒப்பிட்டால், முகாமைத்துவத்தை அன்றிப் பட்டையையே அளந்தவர்களாகிறோம். என் கருத்தில், மர இனம் எழுதப்படாத பல்வகைமைச் சுட்டெண் எதுவும் அறிக்கையில் இடம்பெறத் தகுதியற்றது.

அடுத்தது காலத்தை மறப்பது. இளங்காட்டில் ஓர் இனம் இல்லையென்றால், அங்குள்ள சூழல் அதற்கு ஒவ்வாது என்று எழுதிவிடுவது வழக்கம். ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டக்ளஸ் பெர் எனும் ஊசியிலை மரக் காடுகளில் வாழும் லோபேரியா ஒரிகானா இதைப் பொய்யாக்கிய நல்ல எடுத்துக்காட்டு. வளிமண்டல நைதரசனைப் பதித்துக் காட்டுக்கு உரமாக்கும் இவ்வினம் நூற்றாண்டுகளைக் கண்ட முதுகாடுகளில் கொத்துக்கொத்தாகக் கிடக்கும், இளங்காடுகளிலோ அரிது. ஆயினும் அதன் இனப்பெருக்கத் துணுக்குகளை ஆய்வாளர்கள் இளங்காட்டு மரக்கிளைகளில் தாமே வைத்து வளர்த்தபோது அவை அங்கும் வளர்ந்தன. அம்முடிவுகள் 2000ஆம் ஆண்டில் வெளியாகின. கனமான அத்துணுக்குகள் தொலைவுக்குப் பரவ இயலாமையே தடை என்பது அதனால் தெளிவாயிற்று. சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் நட்ட காடு பெரும்பாலும் நூறாண்டை எட்டும் முன்னரோ எட்டிய கையோடோ முழுவதுமாக வெட்டப்படுவதால், குடியிருப்போர் வந்து சேருமுன்பே வீடு இடிக்கப்படுகிறது. ஆகவே தோட்டத்தின் வயதை மட்டும் எழுதினால் போதாது. மிக அருகிலுள்ள பழைய காடு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, இவ்விடத்தில் முன்பு நின்றது காடா, புல்வெளியா, தேயிலையா என்பதும் பதிவாகவேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றியும் அவசர முடிவுகள் வருகின்றன. பிரித்தானியாவில் நெருக்கமாக நடப்பட்ட சிற்கா ஸ்புரூஸ் தோட்டத்தின் உட்புறம் இருண்டு கிடப்பதால் அங்கு இலைக்கன்கள் மிகக் குறைவு என்பது மெய். அதனாலேயே மரங்களை ஐதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மெய்யாகாது. காற்றோட்டமான கிளைகளை விரும்பும் பிரையோரியா போன்ற தலைமயிர் வடிவ இனங்களுக்கு அது உதவலாம். நிழலிலும் நிலையான ஈரத்திலும் பழகிய இனங்கள் திடீரென விழும் வெயிலில் காய்ந்து மடியும். (பிரையோரியா மேலதிகக் கவனத்துக்கு உரியது: நிலத்துப் பனி இறுகி உறைந்துபோகும் குளிர்காலங்களில் வட ஐரோப்பாவின் பழங்குடியினரான சாமி (Sámi) மக்கள் வளர்க்கும் கலைமான்கள் மரங்களில் தொங்கும் இவ்வகை இலைக்கன்களையே நம்பியிருக்கின்றன. அதனால் வட ஐரோப்பாவில் காடு வெட்டுவது மேய்ச்சல் தகராறாகவும் ஆகிறது.)

கண்மட்டத்தில் தெரியும் தண்டை மட்டும் பார்த்துவிட்டு முழு மரத்தையும் பார்த்ததாக எழுதுவது இன்னொரு தவறு. உயர்ந்த ஊசியிலை மரங்களில் இலைக்கன்களின் பெரும்பகுதி மேற்கிளைகளிலேயே இருக்கிறது; ஒரிகனில் 1970களில் ஆய்வாளர்கள் கயிறு கட்டி ஏறிய பின்னர்தான் அங்குள்ள விதானத்தின் வளம் விளங்கிற்று. நம்மால் ஏற முடியாவிட்டாலும், பலத்த காற்றுக்குப் பிறகு நிலத்தில் விழுந்து கிடக்கும் கிளைகளை முறையாகப் பொறுக்கிப் பார்க்கலாம். நின்றபடியே பட்டுப்போன மரங்களையும் விடக்கூடாது. குண்டூசித் தலைபோல் நுண்ணிய காம்புகளில் வித்திகளைத் தாங்கும் பல இனங்கள் பட்டை உரிந்த பழைய மரக்கட்டையையே நாடுகின்றன. முகாமை செய்யப்படும் காடுகளில் முதலில் அகற்றப்படுவதும் அம்மரங்கள்தாம்.

வளி மாசடைதலோடு தொடர்புபடுத்தும்போதும் எச்சரிக்கை தேவை. பாரிஸின் லக்சம்பேர்க் தோட்டத்து இலைக்கன்களைக் கொண்டு நகர வளியின் தூய்மையைப் பேசலாம் என இலைக்கன் ஆய்வாளர் நைலாண்டர் 1866இல் காட்டிய நாள்முதல் இவ்வழி நடைமுறையில் உள்ளது. பிரித்தானிய ஆய்வாளர்களான ஹோக்ஸ்வர்த்தும் ரோஸும் 1970இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்கென இலைக்கன் இனங்களைக் கொண்டு வகுத்த வளி மாசு அளவுகோலை அப்படியே எடுத்துக் கொழும்பு வீதிமரங்களிலோ மலைநாட்டுப் பைன்களிலோ பொருத்துவது பயனற்றது. இனங்களும் வேறு, காலநிலையும் வேறு. ஐரோப்பாவில் வழங்கும் முறைப்படி, நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் தொடங்கி, தண்டின் நான்கு திசைகளிலும் பத்துச் சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள ஐந்து சதுரங்கள் கொண்ட சட்டத்தை வைத்து எண்ணுவார்கள். தளங்களை ஒப்பிட அது நல்ல முறை. ஒரு காட்டின் முழு இனப்பட்டியலைத் தருவதற்கு ஏற்றதன்று.

இனங்காண்பதில் கைபேசிப் படத்தை மட்டும் நம்பக்கூடாது. நனைந்தால் பச்சையாகவும் உலர்ந்தால் சாம்பலாகவும் மாறும் இனங்கள் பல. பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளி, புதிதாகத் திறந்த வெளிற்றும் திரவத்தின் துளி ஆகியவற்றால் தோன்றும் நிறமாற்றத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். மாப்போல் பரவும் லெப்பிரேரியா இனங்களுக்கு அதுவும் போதாமல் மென்படை நிறப்பகுப்பு (இலைக்கனிலுள்ள சேர்வைகளைப் பிரித்துக் காட்டும் ஆய்வுகூட முறை) தேவைப்படும்.

மாதிரி எடுப்பதற்கு முன் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுங்கள். எடுத்த மாதிரியைப் பொலித்தீன் பையில் கட்டிக் கொழும்புக்குக் கொண்டுவந்தால், இங்குள்ள ஈரப்பதத்தில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். மடித்த கடதாசி உறையிலிட்டு, மின்விசிறியின் கீழ் நிழலில் உலர்த்துவது நன்று. மரத்தின் இனம், மார்புமட்டச் சுற்றளவு, எடுத்த உயரம், தண்டின் எத்திசை, உயிருள்ள மரமா பட்ட மரமா, திகதி ஆகியவற்றை அந்த உறையின் மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். மழையில் நனைந்தால் பேனா மை கரையும்.