தோட்டா ரீலோடிங்: கை பழகும்முன் நேரும் தவறுகள்

சுட்டபின் கீழே விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, புது ப்ரைமர் (அடி பட்டதும் தீ மூட்டும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து), குண்டு சேர்த்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

காசு மிச்சமாகும் என்று இறங்குவதில்தான் பலருக்குச் சறுக்கல் தொடங்குகிறது. 9 மி.மீ. போன்ற மலிவுத் தோட்டாவில் கருவிக்குப் போட்ட பணத்தை எடுக்கவே வெகுநாளாகும். அந்த அவசரத்தில், கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டா விழும் புரோகிரசிவ் பிரஸ்ஸை வாங்கிவிடுகிறார்கள். நாலைந்து வேலை ஒரே இழுப்பில் நடக்கும்போது புதியவர் எதைக் கவனிப்பார்? கை பழகும்வரை, ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் போதும்.

உயிருக்கு உலை வைப்பது பவுடர் அளவுதான். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவின் கூடு பழைய கரும்பொடி வெடிமருந்துக் காலத்தது, அதனால் உள்ளே இடம் அதிகம். இன்றைய வேகப் பவுடர் அதன் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். தவறி இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, குண்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். சுடும்போதுதான் துப்பாக்கி பிளக்கும். பவுடரே விழாத கூடு இன்னொரு வம்பு. ப்ரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளி, குழலுக்குள் சிக்க வைத்துவிடும். ‘டப்’பென்று மந்தமான சத்தம், உதைப்பும் இருக்காது. அப்போதே நிறுத்திக் குழலைப் பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், சிலசமயம் வெடிக்கும்.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். கூடுகளையெல்லாம் பலகையில் நிறுத்தி, குண்டு வைக்கும்முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். மட்டம் சற்றே வேறுபட்டாலும் கொட்டிவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். பவுடரை நிறுக்கும் அலகான 1 கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம்தான், மின்விசிறிக் காற்றுக்கே தராசு தடுமாறும். சோதனை எடை வைத்துச் சரிபார்க்காமல் தொடங்காதீர்கள்.

பவுடர் அளவுக் கையேட்டில் உள்ள உச்ச அளவிலேயே ஆரம்பிப்பவர்களும் உண்டு. ஆரம்ப அளவு என்று தனியாகப் போட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. பவுடர் பெயரை அரைகுறையாகப் படிப்பதும் ஆபத்து: எச்4831 வேறு, ஐஎம்ஆர் 4831 வேறு, முன்னது மெதுவாக எரியும். முன்னதன் அளவைப் பின்னதற்குப் போட்டால் அழுத்தம் எகிறும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கலாம்.

ரைபிள் கூடு சுடச்சுட நீளும். .308 வின்செஸ்டர் தோட்டாக் கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வழக்கமாக 2.005க்கு வெட்டுவார்கள். வெட்டாமல் விட்டால் கூட்டின் வாய் குழலின் தொடக்கத்தில் இடித்துக் குண்டை இறுக்கும், அழுத்தம் ஏறும். சைசிங் டையை (கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) அளவுக்கு மீறி இறக்கி, கூட்டின் தோளை (கழுத்தாகக் குறுகும் சரிவு) பின்னுக்குத் தள்ளுவது இன்னும் மோசம். ஒவ்வொரு சூட்டுக்கும் அடிப்பக்கப் பித்தளை இழுபட்டு மெலிந்து, ஒருநாள் அடிப்பாகம் தனியாகக் கழன்றுவிடும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, உட்சுவரை அடியிலிருந்து மேலாக வருடிப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு குப்பைக்குத்தான்.

பித்தளையை மெருகேற்றும் டம்ளர் என்ற இயந்திரத்தின் தூசியில் ப்ரைமரிலிருந்து வந்த ஈயம் கலந்திருக்கும். அந்த இயந்திரத்தைத் திறந்தவெளியில் வைத்துத் திறங்கள். கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள்.